மாமனார் படத்துக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருக்கிறது. உடைக்கலாமா, விடலாமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். ஹாலில் மாமனார் படம் மாட்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை மாலை மாற்றுவதற்காகப் படத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். பின்பக்கச் சட்டத்தில் கைமுட்டி அளவுக்கு மண் அப்பியிருந்தது. மேலே வரிவரியாக இருக்கிறது, யாரோ விரலால் இழுத்துப் பூசியது போல. அப்புறம் இரண்டு நாள் கவனித்தேன். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு குளவி, இடுப்பு நூல் மாதிரி, ஜன்னல் வழியாக வந்து நேராகப் படத்துக்குப் பின்னால் போகிறது. போனதும் கீச்சென்று ஒரு ரீங்காரம் கேட்கிறது. ஒரே ஒரு குளவிதான், கூட்டமாக இல்லை.

என் பையனுக்கு இரண்டு வயது. அவனைக் கொட்டிவிடுமோ என்று பயம். கணவர் கொசு ஸ்பிரே அடித்துச் சுரண்டிவிடலாம் என்கிறார். மாமியார் தொடவே கூடாது என்கிறார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரும் என்பது அவர் நம்பிக்கை. என் நாத்தனாருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. மாமியார் அன்றைக்கே போன் போட்டு அவளிடம் கூடு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ராத்திரி அவள் என்னைக் கூப்பிட்டு, “அண்ணி, மண் என்ன நிறம்?” என்று கேட்டாள். செம்மண் என்றால் பெண், கறுப்பு மண் என்றால் பையன் என்பார்களாம். அவள் குரலைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டி அதைத் தன்னைப் போலவே குளவியாக்கும் என்று என் பாட்டி சொல்வார். அது நிஜமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மோட்டார்ரூம் எழுதியது:

சகோதரி, முதலில் கூடு மண்ணா, காகிதம் மாதிரியா என்று பாருங்கள். மண் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், குளவியும் ஒன்றுதான், அதனால் பயம் வேண்டாம். காகிதம் மாதிரி சாம்பல் நிறத்தில் பல குளவிகள் சேர்ந்து கட்டியிருந்தால் வேறு விஷயம். பனையிலும் தென்னையிலும் பெரிய உருண்டையாகக் கதண்டு கட்டும். அதற்குப் பக்கத்தில் போகவே கூடாது, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அதெல்லாம் மரத்தை மென்று எச்சிலோடு கூழாக்கிக் கட்டும் கூட்டம். கூட்டைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து வரும். உங்களுடையது தனியாள்.

ஸ்பிரே வேண்டாம். குழந்தை இருக்கும் ஹாலில் எதற்கு அந்த நெடி?


தையல்மிஷின் எழுதியது:

தங்கச்சி, கூட்டை அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இந்தக் குளவியோடு எனக்குப் பத்து வருஷப் பழக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் மூலையில் வருஷா வருஷம் இது வந்து கட்டும். ஒரு ஆனி மாதம் கல்யாணத் துணியெல்லாம் முடிந்து கை ஓய்ந்திருந்தது. அது மண் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் மேசையில் ஒரு கோடு போட்டேன். ஒரு அறை முடிய 31 கோடு. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அறை தயார். மண் உருண்டை ஒவ்வொன்றும் பட்டாணியை விடச் சிறிது. தாடையில் கவ்விக்கொண்டு வந்து, கட்டின ஓரத்தில் வைத்து, ஒரு வளைவாகப் பின்னோக்கி இழுக்கும். நீங்கள் கேட்ட ரீங்காரம் அப்போது வருவதுதான். உடம்பை அதிரவைத்து மண்ணை இளக்கிப் பரப்புகிறது. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் வைக்கிறார்களே, அதே வேலை. உங்கள் கூட்டில் தெரியும் வரி ஒவ்வொன்றும் ஒரு உருண்டை மண், ஒரு நடை.

இது காய்ந்த மண்ணை நனைத்துக் குழைப்பதில்லை. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் சேற்றைத்தான் எடுக்கும். குழாயடி, துளசி மாடம், பாத்திரம் கழுவும் இடம் இப்படி உங்கள் வீட்டிலேயே எங்காவது எடுத்துக்கொண்டிருக்கும், பாருங்கள். அப்படிக் கட்டிய கூடு மழைத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால்தான் கூரைக்கு அடியில், சுவர் மறைவில், நம் வீட்டுக்குள் வந்து கட்டுகிறது.

நாத்தனார் கேட்ட மண் நிறம் பற்றி. எங்கள் ஊர் கரிசல். ஒரு வருஷம் எதிர்வீட்டில் கட்டட வேலை நடந்தது, செம்மண் லோடு கொட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்த வருஷம் என் ஜன்னல் கூட்டில் கீழ்ப்பாதி கறுப்பு, மேல்பாதி சிவப்பு, பார்டர் வைத்த சேலை மாதிரி இருந்தது. குளவி எங்கே மண் எடுத்தது என்பதை நிறம் சொல்லும். அதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் இல்லை. பத்து வருஷத்தில் இருபது கூடாவது பார்த்திருப்பேன். என் வீட்டில் பிறந்தது ஒரே ஒரு பேரன், அவனும் கூடு எதுவும் இல்லாத மார்கழியில் பிறந்தான். கல்யாணமாகி ஏழாவது வருஷம்தான் எனக்கு மகள் பிறந்தாள். அந்த ஏழு வருஷமும் பல்லி சொன்னது, பூ விழுந்தது என்று ஆளாளுக்கு ஒரு சேதி கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் காத்திருந்து அழுதேன். அந்தப் பெண்ணிடம் இந்தக் கூட்டைப் பற்றி இனி யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரியவர் ஆசையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வலிப்பது அவளுக்கு.

சரி, புழு விஷயம். ஒரு மார்கழியில் வெள்ளையடிக்க வந்தவர் என் ஜன்னல் கூட்டைச் சுரண்டிவிட்டார். கீழே விழுந்ததில் ஒரு அறை பிளந்து திறந்துகொண்டது. உள்ளே புழு எதுவும் இல்லை, சிலந்திகள் இருந்தன! பதினொன்று எண்ணினேன். பாதிக்கு மேல் இலைக்கடியில் வலை பின்னும் சின்னப் பச்சைச் சிலந்தி. செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஒன்றின் காலை ஊசி முனையால் தொட்டேன். கால் மெல்ல மடங்கி நின்றது. மேலே கிடந்தவற்றை நகர்த்தினால், அடியில் கிடந்த சிலந்தியின் வயிற்றில் வெள்ளையாக, சீரகத்தைப் போல லேசாக வளைந்து, ஒரு முட்டை ஒட்டியிருந்தது.

எல்லாவற்றையும் அப்படியே கண்ணாடி மூடி போட்ட பட்டன் டப்பாவில் எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் முட்டை புழுவாகியிருந்தது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. ஒட்டியிருந்த இடத்திலேயே வாயை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தது. ஒரு சிலந்தி முடிந்ததும் அடுத்தது. பத்து நாளில் டப்பாவில் சில கால் துண்டுகளும் கொழுத்த ஒரு வெண்புழுவும்தான் மிச்சம். அதன்பின் அது பட்டு மாதிரி நூல் விட்டுத் தன்னைச் சுற்றிக்கொண்டது. பீடி இலை நிறத்தில், தொட்டால் சரசரக்கும் மெல்லிய உறை. மாசி பிறந்து ஒரு காலையில் கடை திறந்து பார்க்கிறேன், உறையின் முனை வட்டமாகக் கடிபட்டுத் திறந்திருக்கிறது. முழுக் குளவி, இறக்கை விரிந்து, டப்பாவுக்குள் நடந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். என் பெரிய கத்தரியின் மேல் ஏறி உட்கார்ந்து, முன்காலால் மீசையை இரண்டு தடவை வழித்துவிட்டு, ஜன்னல் வழியாகப் போயிற்று. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

ஆக, உங்கள் பாட்டி ஒரு புழு உள்ளே போய்க் குளவி வெளியே வருவதாகச் சொன்னதில் கண்ணால் பார்த்த உண்மை இருக்கிறது. உள்ளே நடந்ததுதான் வேறு. குளவி தன் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, முட்டையிட்டு, கதவை மண்ணால் பூசிவிட்டுப் போகிறது. பிள்ளை கண் திறப்பதற்குள் பெரும்பாலும் தாயின் ஆயுசே முடிந்திருக்கும். ஆண் குளவி கூடு கட்டும் வேலைக்கு வருவதில்லை.

என் மகள் விலங்கியல் படித்தாள். இதன் பெயர் செலிஃப்ரான் மதராஸ்படானம் என்று அவள்தான் சொன்னாள். மதராசப்பட்டினம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. உயிரினங்களுக்கு இப்படி இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர், டென்மார்க்காரரான ஃபாப்ரீசியஸ் 1781இல் வைத்தது. அவள் சொன்ன இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கருவுற்ற முட்டை பெண் குளவியாகும், கருவுறாத முட்டை ஆணாகும். முட்டையிடும்போது அந்தத் தாய்தான் அதை முடிவு செய்கிறது. ஆணா பெண்ணா என்று இந்தக் கூட்டில் ஒரு கணக்கு இருப்பது உண்மைதான் தங்கச்சி, அது குளவியின் பிள்ளையைப் பற்றிய கணக்கு.

பையனைப் பற்றிப் பயப்படாதீர்கள். கையால் பிடித்து நசுக்கினால் ஒழிய இது கொட்டாது. கூட்டைக் காவல் காக்கிற பழக்கமே இதற்கு இல்லை. நான் அரையடி தூரத்தில் உட்கார்ந்து தைக்கிறேன், இதுவரை ஒரு தடவைகூடக் கொட்டவில்லை. கூட்டில் வட்ட ஓட்டை விழுந்தால் அந்த அறைப் பிள்ளை போய்விட்டது என்று அர்த்தம். எல்லா அறையிலும் ஓட்டை விழுந்தபின் எடுத்துவிடுங்கள்.


பழையஏடு எழுதியது:

தையல்மிஷின் அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாட்டி சொன்ன கதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நம் பக்கம் இந்தக் குளவிக்கு வேட்டுவன் என்று ஒரு பெயர் உண்டு. வேட்டுவன் கொட்டக் கொட்டப் புழு அதையே நினைத்து அதுவாகவே ஆவதுபோல, குருவை நினைக்கிற சீடன் குருவாகவே ஆவான் என்று சமயப் பெரியவர்கள் உவமை சொல்லி வந்தார்கள். வடமொழியில் பிரமர கீட நியாயம் என்பது இதுதான். சீனாவிலும் இதே கதை, நம்மைக் கேட்காமலே பிறந்திருக்கிறது. 2,500 ஆண்டுகளுக்கு மேல் பழைய பாட்டு ஒன்று, பச்சைப் புழுவின் குஞ்சைக் குளவி சுமந்து போவதாகச் சொல்கிறது. குளவி புழுவைத் தத்தெடுத்து வளர்க்கிறது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். தத்துப் பிள்ளைக்கு அந்தப் புழுவின் பெயரே சீன மொழியில் நிலைத்துவிட்டது. தாவ் ஹோங்ஜிங் என்று ஒரு மருத்துவ அறிஞர், 456இல் பிறந்து 536இல் இறந்தவர், இதை நம்பாமல் கூட்டைப் பார்த்தார். குளவி தானே முட்டையிடுகிறது, புழு அதன் குஞ்சுக்கு இரை என்று எழுதிவைத்தார். 1,500 வருஷத்துக்கு முன்னால்! கோவில்பட்டி ஜன்னலோரத்தில் நடந்ததும் அதே ஆராய்ச்சிதான் என்று படும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பாட்டி பார்த்தது பச்சைப் புழு என்றால் அது வேறொரு குளவியாக இருக்கலாம். மண்ணால் சின்னப் பானை செய்து, வாய்கூட வைத்துக் கட்டும் இனம் உண்டு. அது வயிற்றில் தண்ணீர் கொண்டுவந்து காய்ந்த மண்ணைக் குழைக்கும், அதனால் அந்தக் கூடு கெட்டியாக இருக்கும். அது அடைப்பது சிலந்தியை அல்ல, பச்சைப் புழுக்களை. பிரான்சில் ஃபாபர் என்ற பள்ளி ஆசிரியர் (1823–1915) அந்தப் பானையை மெதுவாகத் திறந்து பார்த்தார். முட்டை புழுக்களின் மேல் கிடக்கவில்லை. கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அரைகுறையாக நெளிகிற புழுக்கள் நசுக்கிவிடாதபடி ஒரு தூளி!

கொட்டப்பட்ட இரை ஏன் அழுகுவதில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். அவருக்கு முன்னால் துஃபூர் என்ற அறிஞர், கெடாமல் காக்கும் மருந்து ஏதோ குளவியின் விஷத்தில் இருக்கிறது என்று நினைத்தார். ஃபாபர் 1855இல் எழுதிய கட்டுரையில், இரை சாகவே இல்லை, அசையும் நரம்பு முடிச்சில் கொட்டி முடக்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று காட்டினார். உயிரோடு இருப்பது அழுகாது.

உங்கள் வீட்டுக் குளவியின் நெருங்கிய உறவோடு அவர் செய்த ஒரு சோதனை எனக்கு மறக்காது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கூட்டைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார். குளவி மண்ணோடு திரும்பி வந்தது. கூடு இல்லை. கூடு இருந்த வெறும் சுவரில், அதே இடத்தில், மண்ணைப் பூசிவிட்டுப் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி பூசிற்று. அறைக்குள் வைத்த சிலந்தியை எடுத்துவிட்டாலும் கொண்டுவந்துகொண்டே இருந்து, கடைசியில் காலி அறையை முறையாக மூடிற்று. அதைப் படித்த அன்று எனக்கு அந்தக் குளவியின் மேல் இரக்கம் வந்தது. சிலந்தியின் மேலும் வந்தது. டார்வின் 1860இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு உயிரோடு தின்னவைக்கும் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அவரையே உலுக்கிய விஷயம் இது.


மோட்டார்ரூம் எழுதியது:

நானும் உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் பம்புசெட் ரிப்பேர் வேலை செய்கிறேன். கூடு சுவரில் இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஓட்டைக்குள் இருந்தால் தொந்தரவு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், சும்மா கிடக்கும் பைப் முனையில், ஏசி தண்ணீர் வடியும் குழாயில் மண்ணை வைத்து அடைத்துவிடும். பைப்பை எடுத்து வைக்கும்போதே முனையில் துணி அடைத்து வைப்பது என் வழக்கம். 1996 பிப்ரவரி 6ஆம் தேதி டொமினிகன் குடியரசில் புறப்பட்ட போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அடைத்துக்கொண்டு வேகத்தைத் தவறாகக் காட்டியது, விமானிகளால் நிலைமையைச் சமாளிக்க முடியவில்லை. குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டியிருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் நினைத்தார்கள். பல நாள் பறக்காமல் நின்ற விமானம், கடைசி நாட்களில் குழாய்க்கு மூடி போடவில்லை. குளவியைக் குற்றம் சொல்ல முடியாது. மூடி போடுவது நம் வேலை.

கொட்டினால் வீங்கி வலிக்கும், ஐஸ் வைத்தால் போதும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இது எந்தக் குளவிக்கும், தேனீக்கும் பொருந்தும்.


காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணவருக்குப் படித்துக் காட்டினேன், ஸ்பிரே டப்பாவை உள்ளே வைத்துவிட்டார். மாமியாரிடம் நானே பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “நான் அவள் மனசு நோகச் சொல்லவில்லை” என்றார். அவரே போன் போட்டு வேறு ஏதேதோ பேசினார்.

அக்கா, இன்னொரு சந்தேகம். இன்று கூட்டின் மேல் வேறொரு குளவி நடந்தது. மயில்கழுத்து நிறம், உடம்பு முழுக்க மின்னியது. மண்குளவி வந்ததும் ஓடிவிட்டது. அது யார்?


தையல்மிஷின் எழுதியது:

அதைக் குயில் குளவி என்று என் மகள் சொல்வாள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறதல்லவா, அதே வேலை. மண்குளவி இல்லாத நேரம் பார்த்துக் கூட்டின் மண்ணைத் துளைத்து உள்ளே தன் முட்டையை வைத்துவிடும். அதன் பிள்ளை மண்குளவியின் பிள்ளையைத் தின்று வளரும். பிடிபட்டால் மரவட்டை மாதிரி சுருண்டு உருண்டையாகிவிடும், மேல் தோல் அவ்வளவு கெட்டி. ஆகவே எல்லா ஓட்டையிலிருந்தும் மஞ்சள் குளவியே வரும் என்று நினைக்க வேண்டாம். என் ஜன்னலில் ஒரு வருஷம் நான்கு அறைக்கு இரண்டில் மயில் நிறம்தான் வந்தது. தாய் பட்ட பாடு எனக்குத் தெரியும், மேசையில் கோடு போட்டவள் நான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த மயில் நிறத்தைப் பார்த்ததும் அதையும் வெறுக்க முடியவில்லை.


காவிரிக்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

அக்கா, நான்கு அறை, மூன்று ஓட்டை. மூன்றிலும் மஞ்சள் குளவிதான் வந்திருக்க வேண்டும், ஒன்று வருவதை நேரிலேயே பார்த்தோம். பார்த்தது நாத்தனார். தீபாவளிக்கு வந்திருந்தாள். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், “அண்ணி, சீக்கிரம் வாங்க” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். உள்ளிருந்து மண்ணைக் கடித்து, பொடிப்பொடியாகத் தள்ளி, முதலில் மீசை வந்தது, அப்புறம் தலை. பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கடைசிவரை அசையாமல் நின்று பார்த்தாள். நிறம் பற்றி ஒன்றும் பேசவில்லை. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்து, உறை மட்டும் இருக்கிறது என்றாள்.

கூட்டை எடுக்க மனசு வரவில்லை. நேற்றுப் பார்த்தால் காலியான ஒரு ஓட்டையில் பச்சை இலைத் துண்டு வைத்து அடைத்திருக்கிறது. கத்தரியால் வெட்டியது போல விளிம்பு அவ்வளவு சுத்தம். இது யார் வேலை?


தையல்மிஷின் எழுதியது:

அப்படியே விடுங்கள், எடுத்துவிடாதீர்கள்! இலைவெட்டித் தேனீ குடி வந்திருக்கிறது. பழைய மண்கூட்டின் ஓட்டை அதற்குச் சொந்த வீடு மாதிரி. உள்ளே மகரந்தமும் தேனும் சேர்த்து வைத்து முட்டையிடும். மாடியில் ரோஜாச் செடி இருந்தால் இலை ஓரத்தைப் பாருங்கள், அரைவட்டமாக வெட்டு இருக்கும். நானும் ஒருநாள் என் வாசல் ரோஜாவில் நின்று பார்த்தேன். சுற்றுச் சுவருக்கு நீளவாட்டத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு, அளவு நாடா இல்லை, சாக்கட்டிக் குறி இல்லை, பத்துப் பதினைந்து நொடியில் ஒரு துண்டு. முப்பது வருஷமாகக் கழுத்து வெட்டுகிறேன், அந்த வளைவு எனக்கு இன்னும் அவ்வளவு சீராக வருவதில்லை. மூடித் துண்டு எத்தனை வைக்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.